பொதுவாக நின்ற சித்தப்பா

வாத்தியாரே,

பரணிலிருந்து மைக் ஒயரை இழுத்தபோது ஒரு பை தலையில் விழுந்தது. திறந்ததும் தாடி ஒட்டுகிற கோந்தின் வாசம் குப்பென்று ஏறியது. உள்ளே என் வெள்ளைத் தாடி, அதற்கடியில் உன் கிரீடம். அட்டையும் ஜிகினாவும்தான். நாடகம் முடிந்த அன்று, "நீயே வச்சிக்க நைனா, எனக்கு லூசா கீது" என்று நீ என் பையில் திணித்தது.

அதைத்தான் என் அண்ணன் மகன் சேகர் நேற்று வந்து கேட்டான். ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவுக் கூட்டமாம். உன் படத்துக்குப் பக்கத்தில் கிரீடம் வைக்க வேண்டுமாம். கச்சேரி ரோடு முழுக்க பேனர் கட்டியிருக்கிறான், "என்றென்றும் எங்கள் மன்னரே" என்று. நீ ஆரம்பித்த நாடகக் குழுவிலிருந்து உன்னை இறக்கியவன் போடுகிற வார்த்தையா இது? பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, இறங்கியது. ருசிக்கவில்லை.

நான் எட்டாவது தாண்டாத மைக் செட்காரன். மந்தைவெளிப் பள்ளிக்கூடத்து ஹாலில் உங்கள் ஒத்திகைக்கு லைட் கட்ட வந்தவனைப் பிடித்து, இங்கிலீஷ் ராஜாவுக்குச் சித்தப்பா ஆக்கினாய். தபாலாபீசில் முத்திரை குத்திய நேரம் போக, அந்த இங்கிலீஷ் சரித்திர நாடகத்தை நீதான் தமிழில் எழுதினாய். ராஜாவும் நீதான்.

கதையைக் கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாட்டைச் சித்தப்பாக் கிழவன் கையில் கொடுத்துவிட்டு ராஜா கடல் தாண்டிச் சண்டைக்குப் போகிறான். நாடு கடத்தப்பட்ட இன்னொருவன், அவனும் கிழவனுக்கு அண்ணன் மகன்தான், படையோடு திரும்புகிறான். தடுக்க வேண்டிய கிழவன், "நான் பொது, எந்தப் பக்கமும் இல்லை" என்று கையை விரித்துவிட்டு, வந்தவனையே உள்ளே வரச் சொல்கிறான். கடைசியில் ராஜாவின் கிரீடம் வந்தவன் தலைக்குப் போகிறது.

"இவன் இன்னா ஆளு வாத்தியாரே? ரெண்டு பக்கமும் சொம்பு தூக்கறான்? நான் நடிக்க மாட்டேன்."

"நீ அந்த எடத்துல நின்னு பாரு நைனா. அப்பறம் பேசு" என்றாய்.

வசனத்தில் கிழவனை எல்லோரும் "மாமா" என்று கூப்பிடும்படி எழுதியிருந்தாய். அப்பாவுடைய தம்பி எப்படி மாமா ஆவான் என்று நான்தான் சண்டை பிடித்தேன். இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான் என்றாய் நீ.

"அவுங்களுக்கு இன்னா தெரியும்? மாமான்னா நைசா ஒதுங்கிக்கலாம். சித்தப்பா எங்க ஒதுங்கறது? அந்த வார்த்தைலயே அப்பா கீதே! ரெண்டு பேரும் அவனுக்குப் புள்ள, வாத்தியாரே."

நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாய். பிறகு முதுகில் ஒரு அறை. அன்று சாயங்காலமே பிரதி முழுக்க மாமாவை அடித்துச் சித்தப்பா என்று எழுதினாய். அந்த நாடகத்தை எழுதின இங்கிலீஷ்காரனுக்கே புரியாததை நான் புரியவைத்தேன் என்று இன்றைக்கும் லஸ் முனையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பட்டத்து ராணியாக நடித்தவள் நம் பர்வீன், ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவள். நம் உடுப்பெல்லாம் அவள் தைத்ததுதான். ராஜா சண்டைக்குப் போன பிறகு ராணி காரணம் தெரியாமல் கலங்குகிற காட்சி அவளுக்கு. ஏதோ ஒன்று வருகிறது, என்னவென்று தெரியவில்லை என்று அவள் தவிக்கும்போது நான் ஓரத்தில் நின்று, "ஒண்ணுமே நடக்கல, இன்னாத்துக்கு இந்தப் பொம்பள அழுவுது?" என்று சிரித்தேன். "காரணம் தெரிஞ்சா அது கவலை நைனா. தெரியாட்டிதான் பயம்" என்றாய்.

நாடகத்துக்கு ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். முதல் வரிசையில் மந்திரி. உன்னிடம் என்ன ஒளிக்க, மந்திரி வீட்டு டிரைவர். எழுந்தவர்களில் பாதிப் பேர் பஸ்ஸுக்கு எழுந்தவர்கள். "நீ சொல்றதுல துணி ஒரு முழம், ஜரிகை மூணு முழம்" என்பாயே.

அடுத்த ஆடி மாதம் அதே ஒத்திகை ஹாலில் குழுவின் கூட்டம். சரித்திரம் போதும், காமெடி போட்டால்தான் சபாக்களில் கூப்பிடுவார்கள், இனிமேல் குழுவை நான் நடத்துகிறேன் என்று சேகர் எழுந்தான். படிக்கட்டில் ஏறும்போதே பர்வீன் என் சட்டையைப் பிடித்து இழுத்திருந்தாள்.

"நைனா, வயித்த கலக்குது. அந்த ராணி மாரியே கீது எனக்கு."

"காலைல இன்னா துன்னே?" என்று கேட்டேன். எவ்வளவு புத்திசாலி நான்!

கை தூக்கச் சொன்னார்கள். சேகருக்கு ஐந்து. உனக்கு ஐந்து, அதில் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும் பர்வீனின் கைதான் முதலில் எழுந்தது. மீதி நான் ஒருத்தன். சேகர் திரும்பி, "சித்தப்பா, நீ சொல்லு" என்றான். கைக்குழந்தையாக என் தோளில் தூங்கினவன். நீயோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நான் பொதுப்பா" என்றேன்.

நான் திட்டின அதே கிழவனின் வார்த்தை! அதைக் கேட்டு நீ சிரித்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மறுபடி எண்ணச் சொல்லாமல், குழுவை நடத்துகிறவனிடம் இருக்கிற உடுப்புப் பெட்டிச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்தாய். சேகரிடம் நீட்டவில்லை, என்னிடம் நீட்டினாய். மேடையில் பேசுகிற அதே ராஜா குரலில், "சித்தப்பா, உங்கள் கையாலேயே கொடுத்துவிடுங்கள்" என்றாய்.

கொடுத்தேன்.

அப்புறம் நீ மேடை ஏறவே இல்லை. ஆனால் மறுநாள் காலை டீக்கடையில் எனக்கும் சேர்த்து, "ரெண்டு டீ, சக்கரை கம்மி" என்றாய். ஒரு வார்த்தை திட்டினாயா? "துரோகி" என்று ஒரு தடவை கத்தியிருந்தால் நானும் பத்து கத்தி, காலரைப் பிடித்து, அழுது தீர்த்திருப்பேன். மூன்று வருஷம் டீ வாங்கிக் கொடுத்தே என்னைக் கொன்றாய். போன மாதம் நீயும் போய்விட்டாய். இது என்ன நியாயம்?

நேற்று சேகரிடம் கிரீடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். "இன்னா சித்தப்பா, உன்னாண்டதான் கீதுன்னு எல்லாருக்கும் தெரியுமே. கூட்டத்துல நீயும் ரெண்டு வார்த்தை பேசு, உன்ன மாரி அளந்து வுட ஆள் ஏது?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

பேசத்தான் போகிறேன். மைக் என்னுடையது, ஒயரைப் பிடுங்க ஆளில்லை. மந்திரி வரமாட்டார், ஆயிரம் பேர் எழ மாட்டார்கள். ஐந்து கை, ஐந்து கை, தூக்காத ஒரு கை. அவ்வளவுதான் சொல்வேன், ஒரு இழை ஜரிகை கிடையாது. நடுவில் சேகர் "சித்தப்பா" என்பான். திரும்பிப் பார்ப்பேன், என்ன செய்ய, பிள்ளை. ஆனால் இந்தத் தடவை என் கையால் கொடுக்க மாட்டேன், கிரீடம் என்னிடம்தான் இருக்கும்.

அன்றைக்கு அந்தச் சாவி உன் இடுப்புச் சூட்டோடு என் உள்ளங்கைக்கு வந்தது. நானும் மூன்று வருஷமாகக் கையை உதறிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆற மாட்டேன் என்கிறது, வாத்தியாரே.