மூன்று சுழியில் முடியும் சொல்

டீச்சர்,

இன்று காலை மைதா பசை காய்ச்சினேன். மழைக்காற்று தொடங்கிவிட்டது. பின்சன்னல் இடுக்கு வழியாகச் சாரல் கட்டில்வரை வருகிறது. பழைய செய்தித்தாளை ஒட்டி அடைக்கலாம் என்று மாவைக் கரைத்து அடுப்பில் வைத்தேன். பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தமும் போட்டேன். அது கொதித்துக் கெட்டியாகும்போது எழுந்த மணத்தில் கரண்டியால் கிண்ட மறந்து நின்றுவிட்டேன். நம் பள்ளிக்கூடத்து வராந்தா முழுக்க அந்த மணம்தானே இருக்கும்! நீங்கள் ஸ்வெட்டர் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, எழுத்து அட்டைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருப்பீர்கள். மலையில் எதுவும் சீக்கிரம் காயாது. காலையில் ஒட்டிய அட்டை மதியம் உரிந்து தொங்கும். "ஏனுங்க டீச்சர், இது நாம ரிட்டயர் ஆகறதுக்குள்ள காயுமுங்களா?" என்பேன். "பேசாம இருந்தாக் காயும்" என்பீர்கள்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வந்துவிட்டது. எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியைக்குக் கைப்பழக்கம் போகவில்லை. எழுதத் தொடங்கினால் பாடக்குறிப்பு மாதிரி ஆகிவிடுகிறது. இன்று அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

மொழிப்பாடத்துக்குப் புதிய கற்றல் விளைவுகள் வந்த வருடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை நம் வேலை தெளிவாக இருந்தது. பாட்டை ஒப்பித்தால் சரி. சொல்வதெழுதுதலில் பிழை இல்லையென்றால் மிகச் சரி. புதிதாக வந்தது வேறு மாதிரி கேட்டது. குழந்தை தான் கண்டதை, தின்றதை, பயந்ததைத் தன் வீட்டுப் பேச்சில் தயங்காமல் சொல்ல வேண்டும். ஆசிரியர் நடுவில் புகுந்து திருத்தக் கூடாது. எழுத்துத் தமிழ் மெல்ல வரும், வரட்டும். இதைப் பழக்கத்தான் சனிக்கிழமைகளில் நம் பள்ளியின் பெரிய கூடத்திலேயே பயிற்சி வைத்தார்கள். ஜெகதளாவிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் குந்தாப் பக்கமிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். சமவெளியிலிருந்து வந்த இளம் கருத்தாளர் ஒருவர், குளிரில் காதுக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு, புரொஜெக்டரை வைத்து விளக்கினார்.

"வருசா வருசம் பேரை மட்டும் மாத்தறாங்க. உள்ள இருக்கறது அதே அ, ஆதானுங்க" என்றார் கோத்தகிரி சார். எல்லாப் பயிற்சியிலும் கடைசி பெஞ்சில் உட்காரும் அவரை உங்களுக்கு நினைவிருக்கும். தேநீரோடு வர்க்கி பிஸ்கட் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

நானும் அன்று ஓர் உதாரணம் சொன்னேன். உங்களுக்குத்தான் தெரியுமே, உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது. "எங்க பக்கம் வீட்டை ஊடுன்னுதான் சொல்லுவோமுங்க. நான் சின்னப்புள்ளையா இருந்தப்ப, 'சார், ஊட்டுக்குப் போகோணும்'னு கேட்டா, எங்க வாத்தியார் 'ஊட்டிக்கா? பஸ்ஸுக்குக் காசு வெச்சிருக்கியா?'ன்னு கேப்பாரு." கூடமே சிரித்தது. கருத்தாளர் தம்பியும் சிரித்தார். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றீர்கள்.

"சிரிச்சீங்கல்ல? அதைத்தான் நான் சொல்றேன். நான் திருத்தினா வகுப்போட போயிரும். ஊர் திருத்தினா சிரிச்சுக்கிட்டே திருத்தும். குழந்தைக்கு எது நல்லது?"

அந்தக் கேள்வி தவறான கேள்வி என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வரும் பிள்ளை, நாளைக்குக் குன்னூரில் பெரிய பள்ளியில் வாயைத் திறந்ததும் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நான்கு பேரின் பார்வை பிள்ளைகள்மேல் படக் கூடாது என்றுதான் நீங்கள் ஆயுள் முழுக்கத் திருத்தினீர்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் ழகரம் மழைத் தண்ணீர்போல் சுத்தமாக இருக்கும். உங்கள் பேச்சும் அப்படித்தான். உங்கள் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் வாயிலிருந்து அந்த ஊர்ச் சொல் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. வானொலியில் செய்தி வாசிப்பவர்மாதிரி பேசுவீர்கள்.

உங்கள் இரண்டாம் வகுப்பில் அந்த வருடம் ஒரு சிறுமி இருந்தாள். பெயரை இங்கே எழுதவில்லை. நம் இருவருக்கும் தெரியும். பெற்றோர் இருவரும் கொழுந்து பறிப்பவர்கள். ஜூன் மாதம் சேர்ந்தவள் வகுப்பில் ஒரு சொல்லும் பேசவில்லை. எழுதச் சொன்னால் எழுதுவாள். பேர் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். மதிப்பெண் பதிவேட்டில் 'பேசுதல்' என்ற இடத்தில் அவளுக்கு எதுவும் எழுத முடியாமல் விட்டுவைத்திருந்தீர்கள். "காதுல கோளாறான்னு பார்க்கச் சொல்லணும்" என்று ஒருநாள் கவலையாகச் சொன்னீர்கள்.

பிறகு ஒரு பயிற்சி நாளில், மாதிரி வகுப்பு வைத்தார்கள். புதிய முறையில் பாடம் எடுத்துக் காட்டக் கருத்தாளர் உங்களைத்தான் கேட்டார். மறுத்துப் பேசியவர் எடுத்துக் காட்டினால் மற்றவர்கள் நம்புவார்கள் என்று நினைத்திருப்பார். உங்கள் வகுப்புப் பிள்ளைகளையே கூடத்தின் நடுவில் பாய் போட்டு உட்கார வைத்தோம். சுற்றிலும் நாங்கள். தகரக் கூரையில் மழை.

மூன்று சுழி ண் வந்து முடியும் சொற்கள்தான் பாடம். பிள்ளைகளே சொல்ல வேண்டும். கண் என்றது ஒன்று. மண் என்றது இன்னொன்று. ஆண், பெண் என்று இரண்டு பேர் சண்டைபோல் சொன்னார்கள். ஒரு பையன் கூரையைத் தாங்கும் மரத்தைக் காட்டித் தூண் என்றான். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தீர்கள்.

அப்போது பாயின் ஓரத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"பாண்."

அவள்தான். ஜூன் மாதத்திலிருந்து பேசாத பிள்ளை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குள் பின்னாலிருந்து கோத்தகிரி சார், "பேக்கரியில மாவு அதிகமாப் பொங்கிருச்சாட்ட இருக்குதுங்க, பன்னு நெடிலாப் போச்சு!" என்றார். ஆசிரியர்களுக்குள் குறில், நெடில் வைத்து ஒரு நகைச்சுவை வந்தால் அடக்க முடியுமா? கூடம் குலுங்கியது. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவ்வளவு வேகமாகச் சொன்னீர்கள்: "பாண்னு ஒரு சொல் கிடையாது. பன். அதுக்கு ரெண்டு சுழி. இங்க வராது. அடுத்தது யாரு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நீங்கள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றீர்கள். சொற்களைச் சரிபார்க்கிறீர்கள் என்றுதான் நினைத்தோம். பிறகு உங்கள் கை மேலே போய், தூணுக்குக் கீழே ஒரு சொல்லை எழுதியது. முத்துமுத்தான உங்கள் எழுத்தில், மூன்று சுழி போட்டு, பாண்.

"இது சொல்தான். இல்லைன்னு நான் சொன்னது தப்பு" என்றீர்கள். எங்களிடம் சொல்லவில்லை, பாயிலிருந்த பிள்ளைகளிடம் சொன்னீர்கள். அப்படியே போய் அவள் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தீர்கள். அதன் பிறகு உங்கள் வாயிலிருந்து வந்த குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"காலையில பாண் தின்னுட்டு வந்தியா புள்ள? தொட்டுக்க என்னா இருந்திச்சு? எங்க காம்பராவுல தேங்காச் சம்பல் இடிப்பாங்க. கண்ணுல தண்ணி வர்ற மாதிரி உறைக்கும்."

ரொட்டிக்கு இலங்கைத் தோட்டங்களில் பாண் என்று பெயர், லைன் வீட்டு அறைக்குக் காம்பரா என்று பெயர் என்பது எங்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் உங்களைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். ஆனால் பேசவில்லை. நீங்கள் காத்திருந்தீர்கள். கருத்தாளர் தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இன்னும் ரெண்டு படிநிலை இருக்கு" என்றார். "இருக்கட்டும் சார்" என்றீர்கள். மழை விட்டது. மணி அடித்தது. பாடம் பாதியில் நின்றது.

கலந்துரையாடலில் பலரும் நேரப் பங்கீடு சரியில்லை என்றார்கள். கோத்தகிரி சார் மட்டும் எழுந்து வந்து, "தெரியாமச் சிரிச்சுப்போட்டேனுங்க டீச்சர்" என்றார். "எல்லாரும் தெரியாமத்தான் சிரிக்கிறாங்க சார்" என்றீர்கள். அதில் கோபம் இல்லை. அதனால்தான் அவர் அன்று வர்க்கியைத் தொடவில்லை என்று நினைக்கிறேன்.

அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அதைச் சொன்னீர்கள். இந்த ஊருக்கு வந்து பள்ளியில் சேர்ந்த முதல் நாள், என்ன சாப்பிட்டாய் என்று அந்த வகுப்பு டீச்சர் கேட்டார்கள். பாணும் சம்பலும் என்று சொன்னீர்கள். அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை உங்களுக்குப் 'பாணு' என்றுதான் பெயர். "என் சொந்தப் பேரு எனக்குத் திரும்பக் கிடைக்கணும்னுதான், டீச்சர், நல்ல தமிழ் படிச்சேன்" என்று சன்னலைப் பார்த்துச் சொன்னீர்கள். "இன்னைக்கு அந்தச் சொல்லு காதுல விழுந்ததும் எனக்கு வெக்கம் வந்திருச்சு. அவளுக்காக இல்ல. எனக்காக."

நான் ஏதோ உதாரணம் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, நிறுத்தம் வந்துவிட்டது.

அதன் பிறகு உங்கள் வகுப்பு மாறியது. சுவரில் ஒரு பக்கம் முழுக்கப் பிள்ளைகளின் வீட்டுச் சொற்கள். ஊடு இருந்தது, காம்பரா இருந்தது, படுகர் வீட்டுப் பையன் சொன்னவையும் கூடலூரிலிருந்து வந்த பிள்ளையின் மலையாளமும் இருந்தன. அவற்றுக்கு எதிரே புத்தகச் சொற்கள். "இது வீட்டுக்கு, இது ஏட்டுக்கு. ரெண்டும் வேணும்" என்று சொல்லிக்கொடுத்தீர்கள். திருத்துவதை நீங்கள் விடவில்லை. குழந்தை சொல்லி முடித்த பிறகு திருத்தினீர்கள், அவ்வளவுதான். அடுத்த வருடம் உங்களையே கருத்தாளராக அழைத்தார்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் வேலையாகக் கரும்பலகையில் 'பாண்' என்று எழுதிவிட்டு, "ஒரு குழந்தை எனக்குக் கொடுத்த முதல் சொல் இது. நான் இல்லைன்னு சொல்லிட்டேன்" என்று தொடங்குவீர்கள். ஆசிரியர்கள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

எல்லோரும் கடைசியில் ஒன்றைக் கேட்பார்கள்: "அப்புறம் அந்தப் புள்ள பேசுனாளா டீச்சர்?"

இல்லை. அதை மறைக்காமல் சொன்னீர்கள். விளையாடும்போது மற்ற பிள்ளைகளோடு ஏதோ சொல்லிச் சிரிப்பாள். நீங்கள் பக்கத்தில் போனால் நின்றுவிடும். அவளை முன்னால் உட்கார வைத்துப் பார்த்தீர்கள், பின்னால் வைத்துப் பார்த்தீர்கள், ஒருநாள் நீங்களே சம்பல் இடித்துக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தீர்கள். அவள் தின்றாள். பேசவில்லை. முழுப் பரீட்சை முடிந்ததும் குடும்பம் திருப்பூருக்குப் போனது. பனியன் கம்பெனியில் வேலை. அப்பா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது அவளும் வந்தாள். "போயிட்டு வரியா புள்ள?" என்றீர்கள். தலையை ஆட்டினாள். கேட் தாண்டியதும் அப்பாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டே போனது நம் இருவருக்கும் தெரிந்தது. என்ன கேட்டாள் என்று காதில் விழவில்லை.

கோவையில் ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்தபோது, மருந்து மயக்கத்திலும் அதைத்தான் கேட்டீர்கள். "அங்க வகுப்புல வாய் தொறந்திருப்பாளா டீச்சர்?" நான் உடனே ஆரம்பித்தேன்: நம்மிடம் பேசாத பிள்ளை ஒன்று பிறகு பெரிய பேச்சாளராகி... கையை லேசாக உயர்த்தி நிறுத்தினீர்கள். "உதாரணம் வேணாம். தெரிஞ்சாச் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க."

தெரியவில்லை என்று சொன்னேன். தலையை அசைத்தீர்கள். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் மகள் பிறகு கேட்டாள். உங்களிடம் தவறான விடையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை என்றேன்.

அந்தக் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது. பண்டிகை நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் பஸ்ஸில் திருப்பூரிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகளின் கூட்டம்தான். அவளுக்கு இப்போது அவர்கள் வயதுதான் இருக்கும். முகம் மாறியிருக்கும், எனக்கு அடையாளம் தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன். போன தீபாவளிக்கு ஒரு பெண் படியருகே நின்று, சில்லறைக்காகக் கண்டக்டரோடு வாயாடிக்கொண்டே வந்தாள். "அண்ணா, காட்டேரி ஸ்டாப் வர்றதுக்குள்ள குடுத்திருங்க, இல்லாட்டி இறங்கவே மாட்டேன்!" பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள், நிறுத்தவில்லை. பர்லியாறில் பலரும் இறங்கினார்கள், எனக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை டீச்சர். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.