ஆயில் குடிக்காத வண்டி

டிசம்பர் 8, 2025, திங்கள்

காவாந்தண்டலத்தில் நடவுக்கு இரண்டு ஏக்கர் சேறு கலக்கிச் சேடை ஓட்டி முடித்தேன். கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரத்தில் ஒட்டிய சேற்றைக் கழுவவே ஒரு மணி நேரம். முப்பது வருஷத்து டிராக்டர், ஒரு மாசமாக ஒரு சொட்டு ஆயில் ஊற்றவில்லை. ஆயில் அளக்கும் குச்சியை இழுத்துப் பார்த்தால் அளவு குறையவே இல்லை! டீக்கடையில், புது டிராக்டர் வாங்கிய ஜெகனிடம் சொன்னேன்: "உன் புது வண்டி ஆயில் குடிக்குது, என்னுது குடிக்கல." அவன் மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே.

டிசம்பர் 10

ஆயில் பிரஷர் மீட்டரில் முள் இறங்குகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நன்றாக நிற்கிறது. இஞ்சின் சூடானதும் சிவப்புக்குள் விழுந்துவிடுகிறது. மீட்டர்தான் கெட்டது என்று உத்திரமேரூர் போய் புதுசு வாங்கி மாட்டினேன். அதிலும் முள் படுத்துக்கொண்டது. சே!

டிசம்பர் 11

மெக்கானிக் சேட்டு வந்தார். முள்ளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "பேரிங் தேஞ்சி பூட்ச்சிக்கா. இஞ்சின எறக்கணும். பொங்கலு கழிச்சிதான் கைக்கு வரும்." அதற்குள் இந்தப் போகம் நடவே முடிந்துவிடும்.

வீட்டுக்காரர் கம்பெனி ஷிப்டு முடிந்து வந்து கேட்டார். ஸ்டீயரிங்கை ஒருநாளும் தொட்டதில்லை, தீர்ப்பு மட்டும் சொல்வார். "இந்த பேஜார கட்டிக்கினு இன்னும் எத்தினி நாளு அழுவ, கல்பனா? ஞாயித்துக்கெழம வண்டிய வாங்க ஆளு வர்றான். குடுத்துடலாம்."

யாரைக் கேட்டு வரச் சொன்னார்? ஆறு வருஷமா ஓட்டறது நான். பொம்பள ஓட்டினா வரப்பு ஒடையும்னு சொன்னவன்லாம் இப்ப எனக்குதான் போன் பண்றான். வண்டிய வித்துட்டு நான் இன்னா பண்றது — வூட்ல குந்திக்கினு டிவி பாக்கறதா? கொடுக்க மாட்டேன்.

டிசம்பர் 12

வேலை ஓடவில்லை. பேரிங் தேய்ந்திருந்தால் லோடு இழுக்கும்போது இஞ்சின் டக்டக்கென்று தட்டுமே? என் வண்டி தட்டவில்லை. அப்புறம் ஏன்?

குச்சியை இழுத்தேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. நான் ஊற்றவில்லை — பின்னே யார்? விரலில் தேய்த்தேன். தண்ணீர் மாதிரி வழிந்தது. மோந்தேன். டீசல்!

அடி அறிவு கெட்டவளே! ஆயில் குடிக்காத பழைய வண்டி எங்கேயாவது உண்டா? குறைந்த ஆயிலின் இடத்தில் டீசல் இறங்கி நிரம்பியிருக்கிறது. ஆயில் நீர்த்துப் போனால் சூட்டில் பிரஷர் எப்படி நிற்கும்? இதைத்தான் பெருமை என்று ஊர் முழுக்கப் பீற்றியிருக்கிறேன். ஜெகனுக்குத் தெரிந்தால் மானம் போகும்.

டிசம்பர் 13, சனி

டீசலைத் தள்ளும் பம்பை நானே கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் சவ்வில் நகம் அளவு கிழிசல். அது வழியாகத்தான் டீசல் இஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. சேட்டுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் குச்சிய இழுக்கவே இல்லக்கா. என் தப்புதான்." நல்ல மனுஷன்.

பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தோம். உலோகப் பொடி இல்லை. பேரிங் தப்பித்தது. புது பம்ப், புது ஃபில்டர், புது ஆயில். ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். சூட்டிலும் முள் நடுவில் நின்றது.

நான்தான் கண்டுபிடிச்சேன். நான்தான்!

வீட்டுக்காரரிடம் ஆளை வர வேண்டாமென்று சொல்லச் சொன்னேன். "ஒரு மணி நேரம் ஓடிச்சின்னா ஆச்சா? வயல்ல எறங்கட்டும், பாக்கலாம்" என்றார். பார்க்கட்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

சாலவாக்கம், சொக்கம்மாள் அக்கா வயல். காலை ஆறு மணியிலிருந்து ஓட்டினேன். பதினோரு மணிக்கு வீட்டுக்காரர் அந்த ஆளை பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தார். நான் வண்டியை நிறுத்தவில்லை.

வீட்டுக்காரர் பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தார். மட்கார்டைப் பிடித்து ஏறி நின்றார். மீட்டரைப் பார்த்தார். நாலு சுற்று என்னோடு வந்தார். இறங்கி வரப்புக்குப் போனார்.

வரப்பில் அந்த ஆளிடம் என்ன சொன்னார் என்று இஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது சொக்கம்மாள் அக்காதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "'அவ எறங்கினாத்தான் வண்டிய நீ பாக்க முடியும். அவ எறங்க மாட்டா, நீ கெளம்பு'ன்னுட்டாருடி உன் வூட்டுக்காரரு."