மல்லிகா என்ற பெயரில் பேசியவள்

என் மல்லிகா அக்காவுக்கு,

திட்டாமல் படி. நீ இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன், உன்னிடமும் மழுப்பியிருப்பேன். "ஊருக்கெல்லாம் காது கொடுக்கறே, உன் வாயை மட்டும் திறக்க மாட்டேங்கறியேடி" என்று கிண்டல் செய்வாயே, அப்படியேதான் இருக்கிறேன்.

நீ மாரடைப்பில் போன பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உன் ஊர் லால்குடிக்குப் போகும் பஸ்ஸைப் பார்த்தால் கால் தானாக ஏறப் பார்க்கும். இறங்கி யார் வீட்டுக்குப் போவது? மனம் உடைந்தவர்கள் போன் செய்தால் நாங்கள் பேசுவோமே, அந்த மையத்துக்குக் காய்ச்சல் என்று லீவு சொன்னேன். துக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு மத்தியானம் தாங்க முடியவில்லை. வீட்டில் யாருமில்லை. எங்கள் மையத்துக்கே போன் செய்து, குரலை மாற்றிக்கொண்டு, "என் பேர் மல்லிகா, லால்குடி" என்றேன். எடுத்தது பிரின்சி, நான் பயிற்சி கொடுத்த பெண். "சொல்லுங்கம்மா, அவசரமில்ல" என்றாள். அக்கா செத்துப்போன கதையைச் சொல்லி அழுதேன். கடைசியில் அவள், "தப்பா ஏதும்... யோசனை வருதுங்களா?" என்று இழுத்தாள்.

எனக்குள் இருக்கும் டீச்சரம்மா சும்மா இருப்பாளா? "சுத்தி வளைக்காதே பிரின்சி. செத்துடலாம்னு தோணுதான்னு நேரா கேளு" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவமானத்தில் காது சுட்டது, அக்கா. போனை வைத்துவிடப் பார்த்தேன்.

"சரிங்க மேடம், நேராவே கேக்கறேன். செத்துடலாம்னு தோணுதா?"

"தோணுது" என்றேன்.

யாரையாவது துணைக்குக் கூப்பிடச் சொன்னாள். பக்கத்து வீட்டு சரோஜா வந்து என் அருகில் உட்காரும்வரை பிரின்சி போனை வைக்கவில்லை.

இப்போது வாராவாரம் மையத்துக்குப் போய் ஓர் ஆலோசகரிடம் பேசுகிறேன். கொஞ்சம் தூங்குகிறேன். ஆனால் வெட்கம் போகவில்லை. இங்கே ஸ்ரீரங்கத்தில் யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டால், "டியூட்டிக்கு" என்கிறேன். பேச வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்காராமல், வேலை இருப்பவள்போல் ஆபீஸ் அறையில் நிற்கிறேன். "இதுல வெட்கப்பட என்னங்க இருக்கு?" என்று எத்தனை பேரிடம் சொன்ன வாய் இது! அவர்கள் நம்பினார்களா?

வரும் வியாழக்கிழமை அந்தப் பெஞ்சில் உட்காருவேன், அக்கா. யார் கேட்டாலும் என் பெயரையே சொல்வேன்.

உன் புடவைகளைப் போலவே பெயரையும் கேட்காமல் எடுத்துக்கொண்ட தங்கை,
கீதா