ஓட்டை விழாத வெண்டை இலை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். நீயும் மருமகளும் சௌக்கியம் என்று போனில் சொன்னாய், சரி, ஆனால் நடுவில் இரண்டு தரம் கேட்டதே, அது யார் இருமல்? மறைக்காமல் எழுது.

பண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன், பதறாதே. இறால் குளத்துக் கரையில் நான் கத்தரியும் புடலையும் போட்டிருப்பது உனக்குத் தெரியும், கரை மண்ணின் உப்பு மழையில் கரைந்து குறையும்வரை காத்திருந்து போட்ட செடிகள். முதலாளி ஒரே நிபந்தனைதான் வைத்தார், பூச்சி மருந்து ஒரு சொட்டு கரைக்கு வந்தாலும் செடியும் கிடையாது, காவல் வேலையும் கிடையாது. பூச்சியைக் கொல்வது இறாலையும் கொன்றுவிடும். அதனால் விடிந்ததும் இலை இலையாகப் புரட்டிப் புழுவைக் கையால்தான் பொறுக்குகிறேன். அப்படியும் என் இலையெல்லாம் சல்லடை. ஆனால் பக்கத்துக் குளத்துக் காவல்காரர், நீ சோடாப்புட்டி என்பாயே, அவருடைய வெண்டை இலையில் ஒரு ஓட்டை கிடையாது. என்ன மாயம் என்று கேட்டால், சாயங்காலமே கொசுவலை போட்டு மூடிடுறேன்க்கா என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பே சரியில்லை. அவர் கொடுத்த வெண்டைக்காயை நான் சமைக்கவில்லை, முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டேன்.

போன செவ்வாய் காலையில் எங்கள் குளத்தில் தொங்கும் தீனித் தட்டைத் தூக்கினால் போட்ட தீனி அப்படியே இருக்கிறது. ஒரு மூலையில் இறால்கள் மேலே வந்து கிறுகிறுவென்று சுற்றுகின்றன, கொஞ்சம் செத்தும் ஒதுங்கியிருந்தன. காற்று அவர் பக்கமிருந்துதானே அடிக்கிறது, மருந்தடித்தது சோடாப்புட்டிதான் என்று நேரே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் அடிக்கலக்கா என்று அந்த மனிதர் கெஞ்சினார். யார் கேட்டார்கள்? மத்தியானத்துக்குள் அவர் செடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள், மாதக் கடைசியோடு நின்றுகொள்ளவும் சொல்லிவிட்டார்கள். உன் அப்பா மட்டும் தலை நிமிராமல் வலை தைத்துக்கொண்டிருந்தார். அதுவும் எனக்கு உறுத்தியது.

நேற்று மோட்டார் பெட்டிக்குப் பின்னால் துடைப்பம் தேடப்போனேன். பாதி காலியான மருந்து பாட்டில், உன் அப்பாவின் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தது. கேட்டதற்கு முதலில் தெரியாது என்றார். பிறகு, மருமக முதல் தடவையா வர்றா, சொத்தைக் கத்தரிக்காயையா கையில கொடுக்கிறது, ஒரே ஒரு தரம்தான் அடிச்சேன் என்றார். அந்த வாரம் புழு குறைந்தது என் கைராசி என்று பூரித்துப் போயிருந்தேன் பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் செடியையே பார்த்தேன், என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை.

தண்ணீர் மாற்றியதில் குளம் தப்பித்தது. பக்கத்துக் குளத்து மனிதர்தான் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார். வாயை மூடிக்கொண்டிரு என்கிறார் அப்பா. எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக் காலையில் பாட்டிலோடு மேலாளரிடம் போகப்போகிறேன். நீங்கள் வரும்போது நாங்கள் இந்த வீட்டில் இருப்போமோ என்னவோ, போன் செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

மருமகளைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, அப்பாவிடம் பேசும்போது கத்தரிக்காயைப் பற்றிக் கேட்காதே. அவர் அழுது நீ கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா