ஜோடி ஏஸைக் கீழே போட்ட கை

அன்புள்ள அக்கா,

இன்று காலை ஸ்டெல்லா டீச்சர் அலமாரியிலிருந்து அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். தைல வாசனை குப்பென்று வந்தது. உள்ளே நம் சீட்டுக்கட்டு. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது என்று, ஒவ்வொரு சீட்டையும் யூகலிப்டஸ் தைலம் தொட்ட துணியால் துடைத்து வைப்பீர்களே, அந்த வாசனைதான். நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. சீட்டில் வாசனை அப்படியே இருக்கிறது.

எனக்கு அழுகை வரவில்லை அக்கா. பயம்தான் வந்தது. நான் டீச்சர் வீட்டுக்கு விருந்துக்கு வரவில்லை. கட்டபெட்டில் எங்கள் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, என் வீட்டுக்காரரையும், பிரசவத்துக்கு வந்த மகளையும், அவள் பெற்ற பச்சைக்குழந்தையையும் இழுத்துக்கொண்டு கோத்தகிரிக்கு ஓடி வந்திருக்கிறேன். மழை விட்டபாடில்லை. எங்கே ஒரு கதவு அடித்தாலும் தூக்கிவாரிப் போடுகிறது. எஸ்டேட் ஆபீஸில் அரைநாள் லீவு கேட்கவே நாலு தடவை வாசலுக்குப் போய்த் திரும்பி வருகிற நான், யாரையும் கேட்காமல் ஜீப்புக்குப் போன் போட்டேன் என்றால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது எஸ்டேட்டுக்கே தெரியும். ஆனால் எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று கண்டுபிடித்தது நீங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாடும் ஆனபிறகு, டிஸ்பென்சரிக்குப் பின்னால் உங்கள் குவார்ட்டர்ஸில் கூடுவோம். ஆண்கள் கிளப்பில் உலகத்தையே சுமக்கிற முகத்தோடு ரம்மி ஆடிக்கொண்டிருப்பார்கள். நமக்குப் போக்கர். எஸ்டேட்டுக்கு வருமுன் ஊட்டிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் நர்ஸாக இருந்தபோது, அம்மை வார்த்துத் தனியறையில் படுத்திருந்த பெரிய வகுப்புப் பெண்களிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்வீர்கள். மருந்து கொடுக்கப் போன இடத்தில் சூதாட்டம் பிடித்துக்கொண்டது என்று டீச்சர் சிரிப்பார். காசு கிடையாது. காய்ந்த பட்டாணிதான் பந்தயம். எல்லாவற்றையும் தோற்றவள் அன்றைக்குச் சுண்டல் செய்ய வேண்டும்.

ஆளுக்கு இரண்டு சீட்டு, அடுத்தவர் கண்ணில் படாமல். ஒரு சுற்றுப் பட்டாணி போட்டதும் நடு மேசையில் மூன்று சீட்டு ஒன்றாகத் திறக்கும். அதற்கு ஃப்ளாப் என்று பேர். பிறகு ஒன்று, கடைசியாக இன்னொன்று. இவ்வளவுதான் ஆட்டம். கையில் ஜோடி ராஜா வந்தால் என் காது சிவந்துவிடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். அது பரவாயில்லை. அந்த மூன்று சீட்டு திறந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் எனக்கு வரவே வராத பாடம்.

ஒரு நாள் என் கையில் ராஜா ஜோடி. மேசையில் ரெண்டு, ஏழு, ஜாக்கி. மூன்றும் வேறு வேறு இனம், ஒன்றுக்கொன்று ஒட்டு உறவில்லை. அந்த நேரத்தில் என் கைதான் பெரியது. நான் ஒரு பட்டாணிகூடப் போடாமல் சும்மா தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன். எல்லோரும் இலவசமாகக் கடைசிச் சீட்டுவரை வந்தார்கள். கடைசியில் ஒரு ஏஸ் விழுந்தது. ஏஸ் ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா ஒட்டிக்கொண்டிருந்த போஸ்ட் ஆபீஸ் கமலா அள்ளிக்கொண்டு போனாள்.

"மேசை சும்மா கெடக்குது, அப்ப எதுக்குக் கண்ணு பம்முன? அடிச்சு ஆடியிருந்தா கமலா எப்பவோ எந்திரிச்சுப் போயிருப்பா" என்றீர்கள்.

"பயமா இருந்துச்சுங்கக்கா."

"பயப்படு. வேண்டாங்கல. ஆனா உன்ற பயம் தப்பான எடத்துல குந்தியிருக்குது."

அடுத்த வாரம் ராணி ஜோடி வந்தது. பழி தீர்ப்பதுபோல் அடித்து ஆடினேன். மேசையில் ஏஸ், ராஜா இரண்டும் வந்து உட்கார்ந்திருந்தன. ஆளாளுக்குப் பட்டாணியை ஏற்றினார்கள். நானோ கையிலிருக்கும் ராணிகளையே பார்த்துக்கொண்டு போட்டுக்கொண்டே இருந்தேன். அன்றைக்குச் சுண்டல் நான்தான் செய்தேன். உப்பும் கூடிவிட்டது.

"கையில வந்தப்ப பெரிய சீட்டுத்தான், இல்லைங்கல. மேசை தெறந்த பொறவு அது எத்தனை பெருசுன்னு மேசையத்தான் கேக்கோணும்" என்று சொல்லிக்கொண்டே அந்த உப்புச் சுண்டலை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டீர்கள்.

எனக்குக் கையில் இருப்பது போய்விடுமோ என்று பயம். எதிரே இருப்பது என்ன செய்யும் என்று பயப்படத் தெரியவில்லை. முதல் பயம் பம்ம வைத்தது. அதே பயம்தான் விடாப்பிடியாகவும் பிடித்து வைத்தது. இதை எனக்கு விளங்க வைக்கத்தானோ என்னவோ, அந்த ஏஸ் ஆட்டம் வந்தது.

உங்கள் கையில் இரண்டு ஏஸ், இரண்டும் கறுப்பு. மேசையில் எட்டு, ஒன்பது, பத்து, மூன்றும் ஆர்ட்டின். அடுத்தடுத்த எண், ஒரே இனம்; எவள் கைச் சீட்டோடாவது சேர்ந்தால் ஜோடி ஏஸையே அடித்துவிடும். நீங்கள் ஒரு கைப்பிடி பட்டாணி வைத்தீர்கள். ஸ்டெல்லா டீச்சர் ஜபம் சொல்கிற முகத்தோடு தன்னிடமிருந்த அத்தனையையும் தள்ளி வைத்தார். கையில் ஒன்றுமில்லாமல் டீச்சர் தள்ளி நாம் பார்த்ததில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, அடுப்பில் காப்பித்தண்ணி கொதித்து அடங்கியது, நீங்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு இரண்டு ஏஸையும் எல்லோரும் பார்க்கும்படி மல்லாத்திக் கீழே போட்டீர்கள்.

கமலா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏஸுங்கக்கா! போடறதுக்கு எப்படிங்க மனசு வந்துது?" என்று நான் கேட்டேன்.

"எங்க வந்துது? கையத் தொட்டுப் பாரு."

தொட்டேன். ஊசி போடும்போது ஒருநாளும் நடுங்காத கை அக்கா அது. ஜில்லென்று, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் தன் சீட்டைக் காட்டவில்லை. கட்டுக்குள் செருகிக் கலைத்துவிட்டார். நீங்களும் கேட்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நிறுத்திக் கேட்டேன்.

"அவங்க கையில ஒண்ணுமே இல்லாம இருந்திருந்தா?"

"இருக்கட்டும். அடுத்த ஆட்டத்துக்கு என்றகிட்டப் பட்டாணி இருக்குதில்ல."

எங்கள் வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மேட்டை வெட்டிக் கட்டியது. பின்னால் தேயிலைச் சரிவு, கருங்கல் தடுப்புச் சுவர். ஃபேக்டரியில் உழைத்ததையெல்லாம் அவர் அதில்தான் போட்டார். அந்த வீட்டைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. போன மாதம் பின்கட்டுத் தரையில் ஒரு விரிசல் விட்டது. இந்த மலையில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். சிமென்ட் கரைத்துப் பூசி, மேலே சாந்தும் அடித்து, "முடிஞ்சுது" என்று கையைக் கழுவினார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

முந்தாநாள் விடியற்காலையில் குழந்தைக்கு வெந்நீர் வைக்க எழுந்தேன். சமையலறைப் பின்கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. தோளால் இடித்துத் திறந்தேன். அவர் பூசிய சிமென்ட் வாய் பிளந்து கிடந்தது, என் விரல் உள்ளே போனது. தடுப்புச் சுவர்க் குழாயில் எந்த மழைக்கும் தெளிவாக வருகிற ஊற்றுத் தண்ணீர் சிவப்பாகச் சேறு கலந்து கொட்டியது. மூன்றும் ஒன்றாகத் திறந்து என் முன்னால் கிடந்தன அக்கா.

"ஏனுங்க, எந்திரிங்க. போயிரலாமுங்க."

அவர் வந்து பார்த்தார். "கதவு மழைக்கு ஊதியிருக்குது. இந்த ஊடு எத்தனை மழை பாத்திருக்குது? பச்சக்கொழந்தைய இந்தக் குளுருல தூக்கிட்டு எங்க போவ? சளி புடிச்சா யாரு பதில் சொல்றது?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அதனால்தான் என் பயம் இரண்டு மடங்கானது. வெளியே போனால் குழந்தைக்குக் குளிர், இருந்தால் மலை. என் பழைய வழக்கப்படி என்றால் வாயை மூடிக்கொண்டு வீட்டையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். நல்ல வீடு அக்கா. நாங்கள் வாழ்ந்த வீடு. ஆனால் உங்கள் அந்த ஜில்லென்ற கை ஞாபகம் வந்தது. பயம் போனபிறகு போடலாம் என்று நீங்கள் காத்திருக்கவில்லையே.

மகளைத் தலைக்குத் துண்டு கட்டச் சொன்னேன். குழந்தையை அவருடைய கம்பளிச் சட்டைக்குள் பொதிந்தேன். ஜீப் வந்தது. அவர் கடைசிவரை முரண்டு பிடித்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். வழியெல்லாம் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது டீச்சர் எதிரே உட்கார்ந்து சீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அவர் கையில் என்ன இருந்தது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு கட்டபெட்டுக்குப் பஸ் ஏறினார். திரும்பி வரும்வரை எனக்கு உயிர் என்னிடம் இல்லை. நனைந்து வந்தவர் வாசலில் நின்றபடியே, என்னைத் தோற்கடித்துவிட்டதுபோல் சொன்னார்.

"ஊடு அப்படியே நிக்குது."

மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கு அடைக்கவில்லை, மூச்சு சீராக வந்தது. என் கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது அக்கா, உங்கள் கை மாதிரியே.

"நிக்கட்டுமுங்க" என்றேன். "இவ இருக்கறாளில்ல."