அவர் ஸ்கேலில் பாடினேன்

ஞாயிறு இரவு. அறுப்பின் பண்டிகை.

இன்று சர்ச்சில் தனிப்பாட்டு எனக்கு. கீபோர்டு வாசிக்க வந்த தம்பி, "அக்கா, எந்த ஸ்கேல்ல எடுக்கட்டும்?" என்று கேட்டான். யோசிக்காமல் "சி" என்றேன். அது துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரருடைய ஸ்கேல், எனக்கு ரொம்பத் தாழ்ந்த சுருதி. சேர்ந்து பாடும்போதெல்லாம், எனக்கு எஃப்தான் வேண்டும் என்று அவரோடு மல்லுக்கு நின்றவள் நான். இன்று தடுக்க ஆளில்லை. ஆனாலும் வாயில் சிதான் வந்தது. இரண்டாவது வரியிலேயே குரல் அடியில் போய் வெறும் காற்றாகிவிட்டது.

வரும் வழியில் மீன்கார அம்மா வழக்கம்போல ஒரு கிலோ கெண்டையை நிறுத்துப் போட்டாள். ஒருத்திக்கு எதற்கு அவ்வளவு? நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செதில் உரசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவர் குரல் கரகரத்தது.

"தொண்டை கட்டிடுச்சாங்க?"

"ரூம்ல கூட இருக்கறவங்க பாடச் சொன்னாங்க. எஃப்ல எடுத்துட்டேன். மேல எட்டல."

"உங்களுக்கு எதுக்குங்க எஃப்?"

அவர் பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் சியில் பாடியதை நானும் சொல்லவில்லை.

ரிசீவரில் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது. இதை எழுதும் இடத்திலிருந்தே தெரிகிறது. துடைக்க மனமில்லை.