யாருக்கு வேண்டுதல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே நெல் அறுத்தாகிவிட்டது.

உன் மகன் தினேஷ்குமார் ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூரிலிருந்து ஓரிக்கை வரைக்கும் ஓடினான். மனசு சரியில்லாத ஆம்பளைகளின் வைத்தியத்துக்குப் பணம் சேர்க்கிறானாம். நம் வீட்டுப் பிள்ளை எவ்வளவு அழகாக ஓடுகிறான், தெரியுமா! நான் தண்ணீர்க் குடத்தோடு, உன்னோடு படித்த சடையப்பனின் ஆட்டோவில் பின்னாலேயே போனேன்.

"ஆம்பளைக்கு இன்னா பெரியம்மா மனசு நோவு? சோறு துன்னுட்டுத் தூங்குனா சரியா பூடும்" என்று சடையப்பன் சிரித்துக்கொண்டே வந்தான்.

மாகறலில், தினேஷின் சிவப்பு பனியனைப் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் போகிறான் என்று பெண்கள் அவன் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். "ஐயோ ஆயா, புது ஷூ!" என்று கத்தினான். ஒருத்தி பணத்தைக் கொடுத்து, "யாருக்குப்பா வேண்டுதல்?" என்றாள்.

நீ சொன்னபடி, நீ பெங்களூரில் வேலைக்குப் போயிருப்பதாகத்தான் ஊரில் சொல்லியிருக்கிறேன். நான் வாய் திறப்பதற்குள் அவன், "எங்க நைனாவுக்கு. மனசு சரியில்லாம ஆஸ்பத்திரில கீறாரு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

அதற்கப்புறம் சடையப்பன் சிரிக்கவில்லை. திரும்பி வந்து என்னை வாசலில் இறக்கிவிட்டவன் போகாமல் நின்றான்.

"பெரியம்மா, அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ல போவணும்?"

யாருக்கு வைத்தியம் என்று நான் கேட்கவில்லை.

பஸ் நம்பரை எழுதி அனுப்பு. வர வேண்டாம் என்று நீ சொன்னாலும் நானும் சடையப்பனும் வருகிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா